கொடியும் கூண்டும்: சென்னைத் துறைமுகத்தின் செயற்கை மொழி

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில், பவுல் ஏறிச் சென்ற கப்பல் புயலில் அலைக்கழிக்கப்பட்ட வரலாற்றில், சிறியதொரு செய்தி உண்டு. நடு இரவில் கப்பலாட்கள் கரை அருகில் இருக்கக்கூடும் என்று ஐயுற்று ஆழம் பார்க்கும் கயிற்றை இறக்கினர். ஆழம் இருபது பாகம். சற்றுத் தொலைவு சென்று மீண்டும் இறக்கினர். பதினைந்து பாகம். இவ்விரண்டு எண்களுக்கு மேல் அவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பாறையில் மோதுவோம் என்று உணர்ந்து பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டனர். கடலில் எண் என்பது கணக்கு மட்டுமன்று, அது பேச்சுமாகும்.

அத்தகைய பேச்சு காலப்போக்கில் ஒரு முழு மொழியாகவே வளர்ந்தது. அதன் எழுத்துகள் கொடிகள். அதன் எண்கள் நுனி குறுகிய நீள்கொடிகள். எவருக்கும் தாய்மொழியாகாத இம்மொழி, இராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும் வந்து நிற்கும் கப்பல்களின் கொடிக்கயிறுகளில் இன்றும் எழுதப்படுகிறது. அதன் அருகிலேயே மற்றொரு சிறிய குறிமொழியும் உண்டு. புயற்காலங்களில் நாளேடுகளில் நாம் படிக்கும் எச்சரிக்கைக் கூண்டே அது. இவ்விரண்டிலும் எழுத்தும் எண்ணும் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதையும், எண் தன் பொருளிலிருந்து பிரிந்துபோனால் கரையில் வாழ்வோர்க்கு நேரும் இடர் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. செயற்கை மொழி என்னும் கனவு

பாபேல் கோபுர வரலாற்றைப் படித்த ஐரோப்பிய அறிஞர் பலர், சிதறிய மொழிகளை மீண்டும் ஒன்றாக்க இயலுமா என்று நெடுங்காலம் எண்ணினர். இங்கிலாந்தின் செஸ்டர் பேராயராக இருந்த ஜான் வில்கின்ஸ் 1668-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். உலகப் பொருள்கள் அனைத்தையும் வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீடு அமைத்து, ஒலியைக் குறிக்காமல் பொருளையே குறிக்கும் எழுத்துமுறை ஒன்றை அதில் அவர் வகுத்தார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் செருமானியக் கத்தோலிக்கக் குரு ஷ்லேயர் 'வோலாபூக்' என்னும் மொழியை ஆக்கினார். 1887-இல் சாமென்ஹாப் என்னும் யூதக் கண் மருத்துவர் 'எசுப்பெராந்தோ' மொழியை வெளியிட்டார். இம்மொழியில் முழு விவிலியமும் 1926-இல் அச்சாயிற்று.

ஆக்கப்பட்ட மொழிக்கும் வழிவழி வந்த மொழிக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணுப்பெயர்களில் எளிதாகக் காணலாம். எசுப்பெராந்தோவில் எண்ணுப்பெயர்கள் பத்தடிமான முறையில் விலக்கின்றி அமைந்துள்ளன. தமிழிலோ எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வரும் வரிசை ஒன்பதில் வந்து தடுமாறுகிறது. ஒன்பது என்பதில் 'பது' நிற்கிறது. தொண்ணூறு என்பதில் 'நூறு' நிற்கிறது. தொள்ளாயிரம் என்பதில் 'ஆயிரம்' நிற்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ள படியின் பெயரைத் தாங்கி வருகிறது. எண்ணக் கற்கும் குழந்தை இவ்விடத்தில் இடறுவது இயல்பே. அவ்விடறலில் மொழியின் பழமை அடங்கியிருக்கிறது. செயற்கை மொழிக்கு அத்தகைய பழமை இல்லை. ஆதலின் இடறலும் இல்லை.

வில்கின்சின் எழுத்தை எவரும் அன்றாடம் எழுதவில்லை. வோலாபூக் சில ஆண்டுகளில் மங்கிற்று. அறிஞர் விரும்பி ஆக்கியவை இவ்வாறாக, கப்பலோட்டிகள் தேவையினால் ஆக்கிக்கொண்ட மொழியோ உலகின் எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவியது. அத்தேவை எத்தகையது என்பதைப் பழைய சென்னைக் கடற்கரையே நமக்குக் காட்டும்.

2. துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓயாது புரளும் அலைவரிசை. ஆணி அறையாமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் அவ்வலைகளைக் கடத்திக் கொண்டுசென்றன. படகு செல்ல இயலாத நாள்களில் கட்டுமரக்காரர் கடிதங்களைச் சுமந்து சென்றனர். அதுவும் இயலாதபோது கரைக்கும் கப்பலுக்கும் இடையே எஞ்சியது பார்வை ஒன்றே.

1856-இல் இராயபுரத்தில் இருப்புப்பாதை நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து வாலாஜா சாலை வரை தொடர்வண்டி ஓடத் தொடங்கிய பின்னரும், கடற்பக்கத்தில் இந்நிலை மாறவில்லை. 1870-களில் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பும் பணி தொடங்கிற்று. 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைப் பெரிதும் சிதைத்தது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் துறைமுகம் இன்றைய வடிவத்திற்கு அடிகோலப் பெற்றது. அதுவரை பாதுகாப்பற்ற கடலில் நின்ற கப்பலுக்கு, 'நங்கூரம் எடுத்து ஆழ்கடலுக்குச் சென்றுவிடு' என்று கரையிலிருந்து உரிய நேரத்தில் அறிவிப்பது உயிர் காக்கும் செயலாக இருந்தது. வந்து நின்ற கப்பல்களோ பல நாட்டின. அவற்றின் மாலுமிகள் பேசிய மொழிகளும் பல.

3. எண்ணிலிருந்து எழுத்துக்கு

கொடிமொழி முதலில் எண்மொழியாகவே பிறந்தது. பிரிட்டானியக் கடற்படையில் பாபம் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொற்களுக்கு எண்கள் கொடுத்து ஓர் அகராதி அமைத்தார். பத்துக் கொடிகளால் எந்த எண்ணையும் காட்டலாம். எண்ணைக் கண்டவர் அகராதியைத் திறந்து சொல்லை அறிவர். 1805-இல் டிரபால்கர் போரின்போது நெல்சன் விடுத்த புகழ்பெற்ற செய்தியில், 'கடமை' என்னும் பொருள்படும் சொல் அவ்வகராதியில் இல்லாமையால் அதனை மட்டும் எழுத்தெழுத்தாகக் காட்டவேண்டியதாயிற்று. அகராதியில் இல்லாததைச் சொல்வது கடினம் என்பது செயற்கை மொழிகளின் பொதுக்குறை.

வாணிகக் கப்பல்களுக்கான எண்கொடி நூல் ஒன்றை 1817-இல் பிரடரிக் மாரியட் வெளியிட்டார். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற இவர், முதல் பர்மியப் போரில் கப்பற்றலைவராகப் பணியாற்றி வங்கக் கடலை நேரில் அறிந்தவர். அந்நூலில் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் சொற்றொடர்களுக்கும் எண்களே பெயர்களாயின.

கப்பல்கள் பெருகியபோது எண்கள் போதவில்லை. பத்துக் கொடிகளுள் ஒன்றையும் மறுமுறை பயன்படுத்தாமல் நான்கு நான்காக அடுக்கினால் 5,040 அடுக்குகளே கிடைக்கும். 1857-இல் வெளிவந்த வாணிகக் குறிநூல் எண்களை விட்டு எழுத்துகளைக் கைக்கொண்டது. 18 கொடிகள், 18 மெய்யெழுத்துகள். இவற்றை நான்கு நான்காக அடுக்கினால் 73,440 அடுக்குகள். இரண்டு, மூன்று கொடி அடுக்குகளையும் சேர்த்தால் 78,642. அடிமானத்தைப் பத்திலிருந்து பதினெட்டுக்கு உயர்த்தியதால் மொழியின் சொல்வளம் பன்மடங்காயிற்று.

அப்பதினெட்டில் உயிரெழுத்து ஒன்றும் இல்லை என்பது கருதத்தக்கது. உயிரெழுத்துகள் சேர்ந்தால் ஏதேனும் ஒரு நாட்டு மொழியில் தகாத சொல் ஒன்று தற்செயலாக உருவாகிவிடும் என்று நூலை அமைத்தோர் அஞ்சினர். உயிர் இன்றி மெய் இயங்காது என்பது தமிழிலக்கணம் கற்றோர் அறிந்தது. உயிரற்ற மெய்களாலான இம்மொழியை எவராலும் வாயால் உச்சரிக்க இயலாது; கண்ணால் காண மட்டுமே இயலும். ஆயினும் அதுவே அதன் வலிமையாயிற்று. உச்சரிப்பு இல்லாத மொழியில் எவரும் அயலார் அல்லர். அந்நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட திருத்தத்தில் உயிரெழுத்துகளும் சேர்க்கப்பெற்றுக் கொடிகள் இருபத்தாறாயின.

1931-இல் இந்நூல் ஏழு மொழிகளில் தொகுக்கப்பட்டது. 1965-இல் ஏற்கப்பட்டு 1969-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் உருசியமும் கிரேக்கமும் சேர்ந்து மொழிகள் ஒன்பதாயின. சொற்களுக்குக் குறி கொடுக்கும் பழைய முறை அப்பதிப்பில் கைவிடப்பட்டது. ஒவ்வொரு குறியும் ஒரு முழுக் கருத்தைச் சொல்லவேண்டும் என்பது விதியாயிற்று. 'ஜி' என்னும் மஞ்சள் நீலப் பட்டைக் கொடி ஒன்றே, 'எனக்கு வழிகாட்டி மாலுமி தேவை' என்னும் முழு வாக்கியம். 'எச்' என்னும் வெள்ளை சிவப்புக் கொடி, 'வழிகாட்டி மாலுமி ஏறியுள்ளார்' என்பது. 'பி' என்னும் செங்கொடி, தீங்கு விளைக்கத்தக்க சரக்கை ஏற்றுகிறோம், இறக்குகிறோம் அல்லது சுமக்கிறோம் என்பதைத் தெரிவிக்கும். எண்ணெயும் எரிவளியும் வந்திறங்கும் வடசென்னைக் கரையில் இச்செங்கொடியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குறிநூலின் ஒன்பது மொழிகளுள் இந்திய மொழி ஒன்றேனும் இல்லை. கொடி எம்மொழியையும் சாராதது. ஆனால் அக்கொடியின் பொருளைக் கூறும் நூல் சில மொழிகளையே சார்ந்து நிற்கிறது. பொதுமொழி எனப்படுவதிலும் வாயில் காப்போர் உண்டு என்பதை இது காட்டுகிறது.

4. ஆயிரத்து நூறு என்னும் எண்

இம்மொழியின் எண்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆயிரத்து நூறு என்னும் எண்ணைக் கொள்வோம்.

பழந்தமிழ் முறையில் இதனை ௲௱ என்று எழுதினர். பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தமையால் சுழியம் தேவைப்படவில்லை. 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதினர். அஃதாவது, வாயால் சொல்வதையே கை எழுதியது. தமிழகக் கோயிற் கல்வெட்டுகளில் நிலமும் நெல்லும் இத்தகைய குறிகளாலேயே அளந்து எழுதப்பட்டன. பின்னங்களோ பத்தடிமானத்தைச் சாராமல் இருபதையும் பதினாறையும் சார்ந்தவை. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அச்சுநூல்கள் பரவிய காலத்தில் தமிழ் எண்களும் இடமதிப்பைப் பெற்றன. ௲௱ என்றிருந்தது ௧௧௦௦ ஆயிற்று.

கொடிமொழியில் இவ்வெண்ணை எழுதுவதில் புதியதொரு சிக்கல் எழுகிறது. கப்பலில் இருப்பது ஒரே தொகுதிக் கொடிகள். ஒன்று என்னும் நீள்கொடி ஒன்றே உண்டு. சுழியம் என்னும் நீள்கொடியும் ஒன்றே. இரண்டு ஒன்றுகளையும் இரண்டு சுழியங்களையும் கொண்ட எண்ணை எவ்வாறு காட்டுவது? இதற்காகவே 'பதிலிக் கொடிகள்' மூன்று ஆக்கப்பட்டன. முதற்பதிலி, தனக்கு மேலுள்ள தொகுதியின் முதற்கொடியை மீண்டும் கூறும். இரண்டாம் பதிலி இரண்டாவதை. மூன்றாம் பதிலி மூன்றாவதை. ஆகவே 1100 என்பது மேலிருந்து கீழாக, 'ஒன்று, முதற்பதிலி, சுழியம், மூன்றாம் பதிலி' என்று ஏற்றப்படும். பதிலிக் கொடிக்குத் தனி மதிப்பு இல்லை. தான் சுட்டும் இடத்தின் மதிப்பே அதன் மதிப்பு. இருபத்தாறு எழுத்துகள், பத்து எண்கள், மூன்று பதிலிகள், ஒரு விடைக்கொடி ஆக நாற்பதே கொடிகள். விடைக்கொடியே பதின்மப் புள்ளியாகவும் பயன்படும்.

இம்மொழியில் எண் தனித்து நின்றால் முழுப்பொருள் தராது. எண்ணின் முன் நிற்கும் எழுத்தே அது எதன் எண் என்பதை உரைக்கும். 'எஸ்' என்பதன் பின் வரும் எண் கப்பலின் வேகம்; 'ஆர்' என்பதன் பின் வருவது தொலைவு; 'டி' என்பதன் பின் வருவது நேரம்; 'எல்' என்பதன் பின் வருவது அட்சரேகை. சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 13 பாகை 6 கலை வட அட்சத்தில் உள்ளது. அதனைக் கொடியில் 'எல் 1306' என்று காட்டவேண்டும். இந்த 1306 ஆயிரத்து முந்நூற்றாறு அன்று. முதல் இரு இலக்கங்கள் பாகை. பின்னிரு இலக்கங்கள் அறுபது கொண்டது ஒரு பாகை என்னும் அறுபதடிமானத்தைச் சார்ந்த கலை. பத்தடிமானக் கொடிகள் அறுபதடிமானப் பொருளைச் சுமக்கின்றன. முன்நிற்கும் எழுத்தை நீக்கிவிட்டால் அவ்வெண் நம்மைத் தவறான இடத்திற்கே கொண்டுசெல்லும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு நாம் கூண்டை நோக்குவோம்.

5. கூண்டு கூறும் பொருள்

கொடி, நூல் கற்ற மாலுமிக்கு உரியது. புயற்கூண்டோ கரையில் நிற்கும் எவர்க்கும் உரியதாக ஆக்கப்பட்டது. 1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலில் பல்லாயிரவர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டு அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைப் பணி தொடங்கப்பெற்றது. 1898-இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்திற்கும் ஒரே சீரான குறிமுறை வகுக்கப்பட்டது. பகலில் கூம்பும் உருளையுமான கரிய உருவங்கள் கம்பத்தில் ஏற்றப்படும். இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். அவ்வுருவங்களுக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் கூண்டு.

கூண்டு எண்கள் பதினொன்று. முதல் இரண்டும் தொலைக்கடல் நிலையைக் குறிப்பன. ஒன்று, தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உள்ளது என்பது; இரண்டு, தொலைவில் புயல் உருவாகியுள்ளது என்பது. மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே உரிய முன்னெச்சரிக்கைகள். ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாய அறிவிப்புகள். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாய அறிவிப்புகள். இவ்வரை எண் ஏறுந்தோறும் இடர் ஏறுகிறது என்று எவரும் கருதுவர். ஆனால் உண்மை அதுவன்று.

ஐந்தும் ஆறும் ஏழும் வன்மையில் ஒன்றுக்கொன்று மேற்பட்டவை அல்ல, திசையால் வேறுபட்டவை. புயல் தன் பாதையில் துறைமுகத்தை இடப்பக்கமாக விட்டுச் செல்லும் என்றால் ஐந்து. வலப்பக்கமாக விட்டுச் செல்லும் என்றால் ஆறு. துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்றால் ஏழு. கடும்புயலுக்கு இதே வரிசையில் எட்டு, ஒன்பது, பத்து. இடமும் வலமும் ஏன் பிரிக்கப்பட்டன? நம் கடல்களில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்குத் தெற்கே கரை கடந்தால், துறைமுகம் அதன் வலப்பக்கத்தில் அமையும். காற்று கடலிலிருந்து கரைக்கு வீசி நீரைக் கரைமேல் தள்ளும். வடக்கே கடந்தால் துறைமுகம் இடப்பக்கத்தில் அமையும். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். படகை எங்கே கட்டுவது, எப்பக்கம் நங்கூரமிடுவது என்பதெல்லாம் இவ்வேறுபாட்டைப் பொறுத்தவை.

இடப்பக்கம் என்பதால் தீங்கு இல்லை என்றும் கொள்ளலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்குக் கிழக்கே கடலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, 5-ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. நகரம் அதன் இடப்பக்கத்திலேயே இருந்தது. ஆயினும் மழையால் சென்னை வெள்ளக்காடாயிற்று. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து படகுகளையும் வலைகளையும் பாழாக்கிற்று. கடலிலிருந்து வருவதைக் கூறவே கூண்டு ஆக்கப்பட்டது. நிலத்திலிருந்து வருவதற்கு அதன் அகராதியில் குறி இல்லை.

பதினோராம் எண் எல்லாவற்றினும் வியப்புக்குரியது. அது பத்தினும் பெரிய புயலைக் குறிப்பதன்று. வானிலை எச்சரிக்கை நிலையத்துடன் இருந்த செய்தித்தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். மேலும், சிறு துறைமுகங்களுக்கென அமைந்த சுருக்கமுறையில் மூன்று, நான்கு, ஏழு, பத்து, பதினொன்று என்னும் ஐந்து குறிகளே உண்டு. நான்கிலிருந்து நேரே ஏழுக்குத் தாவும் வரிசையை எண்வரிசை என்று எவ்வாறு சொல்வது? ஆகவே கூண்டின் எண், அளவைக் காட்டும் எண் அன்று, அது பெயர். மாரியட்டின் நூலில் கப்பல்களுக்கு எண்கள் பெயர்களானதுபோலவே இங்கும் ஆயின.

6. குறியும் கற்பித்தலும்

கூண்டை ஆக்கியவர்கள் எழுத்தறியாதவர்க்கும் விளங்கும் மொழி ஒன்றை ஆக்க முயன்றனர். கம்பத்தில் தொங்கிய கூம்பையும் உருளையையும் கண்ட மீனவர் எண்ணை அறியவேண்டிய தேவை இல்லை, உருவமே பேசிற்று. செய்தித்தாளும் வானொலியும் வந்த பின்னர் உருவம் மறைந்து எண் மட்டும் மக்களிடம் வந்து சேர்ந்தது. 'எண் ஐந்து கூண்டு ஏற்றப்பட்டது' என்று கேட்பவர், 'நேற்று நான்கு, இன்று ஐந்து; சற்றே கூடியிருக்கிறது' என்று கொள்வர். நான்குக்கும் ஐந்துக்கும் இடையே முன்னெச்சரிக்கை முடிந்து அபாயம் தொடங்குகிறது என்பதை அவ்வெண் தானாகக் கூறாது. ஆறிலிருந்து ஐந்துக்குக் கூண்டு மாறினால் இடர் தணிந்தது என்று எண்ணிப் படகைக் கடலில் தள்ளுவோரும் இருக்கக்கூடும். உண்மையில் மாறியது திசையேயன்றி வன்மை அன்று. முன்நிற்கும் எழுத்தை இழந்த 1306 போன்றதே பொருளை இழந்த கூண்டெண்.

கூண்டு எட்டாத இடமும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்றபோது, மீனவர் பலர் பல நாள்களுக்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். கரைக் கம்பம் அவர்கள் கண்ணுக்கு எட்டாது. எச்சரிக்கை அவர்களை உரிய நேரத்தில் அடையவில்லை; பலர் திரும்பி வரவில்லை. அதன் பின்னர் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளில் கவனம் மிகுந்தது. வானிலைத் துறை இன்று பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களாலும் எச்சரிக்கை விடுக்கிறது. இவையும் ஆக்கப்பட்ட குறிகளே. இவற்றிற்கும் அகராதி உண்டு. அவ்வகராதியையும் எவரேனும் மக்களுக்குக் கற்பித்தாக வேண்டும்.

வழிவழி வந்த மொழியைத் தாய் கற்பிக்கிறாள். ஆக்கப்பட்ட மொழியைக் கற்பிக்கத் தாய் இல்லை. ஆக்கியவர்களும் அதனைப் பரப்புவோருமே அக்கடமைக்கு உரியவர்கள். காசிமேடு தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கடற்கரைக் குப்பங்களில் பள்ளிகளும் மீனவர் சங்கங்களும் திருச்சபைகளும் கோயில்களும் உள்ளன. பதினொரு கூண்டுகளின் பொருளை ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஐந்து, ஆறு, ஏழு என்பவை திசைகள். எட்டு, ஒன்பது, பத்து என்பவை அவற்றின் கடுமையான வடிவங்கள். பதினொன்று என்பது தொடர்பு அறுந்த நிலை. ஐப்பசி பிறப்பதற்கு முன்னர் இதனைச் சிறுவர்க்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் வீட்டிற்குச் சென்று படகில் ஏறும் தந்தையர்க்குச் சொல்வர்.